எழுதி வைக்காத கூட்டு

கூடப் பொறந்த தம்பிகிட்டப் போய், "வாடா, நீயும் நானும் கூட்டுன்னு பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடலாம்"னு எந்த அக்காவாவது கேப்பாளா? கேட்டா அவன் மூஞ்சி என்னாகும்? அக்காவுக்கு நம்மமேல நம்பிக்கை விட்டுப்போச்சுன்னு நினைச்சா அவனுக்குச் சோறு இறங்குமா? நான் கேக்கல. அவனும் கேக்கல. ஒரே கூரைக்குக் கீழ தராசு ரிப்பேர் பண்ணிக்கிட்டு, தினம் ஒரு சண்டை போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருந்தோம். அதுக்கும் ஒரு தண்டனை உண்டுன்னு எவனும் எங்களுக்குச் சொல்லல.

எங்க கடை மார்க்கெட்டுக்குப் பின்பக்கம். ஒரு ஷட்டர், உள்ள ரெண்டு மேஜை. வாசல் பக்க மேஜை என்னோடது. முள்ளு வச்ச பழைய தராசு, மூட்டை ஏத்தற மேடைத் தராசு, நகைக்கடைக்காரங்க கொண்டுவர்ற கண்ணாடிப் பெட்டித் தராசு எல்லாம் என் கை. உள்பக்க மேஜை தம்பியோடது. ஒயர், பேட்டரி, எண்ணு காட்டற எலக்ட்ரானிக் தராசு எல்லாம் அவன் கை. எங்களுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. நான் சரி பண்ணினதை நானே சரின்னு சொல்ல மாட்டேன், அவன்தான் சோதிப்பான். அவன் பண்ணினதை நான் சோதிப்பேன். தட்டோட ஒவ்வொரு மூலையிலயும் எடைக்கல்லை வச்சு, எடுத்து, பூஜ்யத்துக்கு ஒழுங்காத் திரும்புதான்னு பார்த்து, சோதிச்சவங்க தலையாட்டினாத்தான் தராசு வாசலைத் தாண்டும். இல்லைன்னா மறுபடியும் மேஜைக்கு வரும். அதுல அக்கான்னு அவன் பார்க்க மாட்டான், தம்பின்னு நான் பார்க்க மாட்டேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து, "அக்கா, நெஞ்சு என்னவோ பண்ணுது"ன்னு ஸ்டூல்ல உக்காந்தான். எந்திரிக்கவே இல்ல. அவனுக்குப் பொண்டாட்டி இருக்கா, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க இருக்கு, அரைகுறையாப் பிரிச்சுப் போட்ட தராசு மேஜைமேல இருக்கு. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். அவன்மேலயும் எனக்குக் கோபம்தான். செத்தவன்னு விட்டுடுவேனா?

தராசு ரிப்பேர் பண்றதுக்கு லைசன்ஸ் வேணும். யார் வேணாலும் தராசைத் தொட்டுட முடியாது. எங்க லைசன்ஸ் கடை பேர்ல இருக்கு. எடுக்கும்போது தம்பிக்கு வயசு வரல, அதனால விண்ணப்பத்துல என் கையெழுத்து மட்டும்தான். வருஷா வருஷம் எடையளவு ஆபீஸ்ல இருந்து முத்திரை அதிகாரி வந்து எங்க சோதனைக் கல்லையெல்லாம் சரிபார்த்துட்டுப் போவாரு. மார்க்கெட்டே அவரை 'முத்திரை'ன்னுதான் கூப்பிடும். இந்தத் தடவை வந்தவரு உள்பக்க மேஜையைப் பார்த்தாரு.

"தம்பி தவறிட்டாராமே. கேள்விப்பட்டேன். வேற ஆளு போட்டுட்டீங்களா?"

ஆளாமே, ஆளு! எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு.

"அவன் ஆளில்ல சார். பார்ட்னர். இந்தக் கடையில பாதி அவனோடது. பேசறதைப் பார்த்துப் பேசுங்க."

முத்திரை பேனாவை மூடிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாரு.

"பார்ட்னரா? அப்போ ரெண்டு பேர் கூட்டு. ஒருத்தர் போனா கூட்டு முடிஞ்சுபோச்சும்மா. கூட்டு முடிஞ்சா லைசன்ஸும் முடிஞ்சுது. சர்குலர் இருக்கு."

நான் சிரிச்சேன். ஏதோ வம்புக்குச் சொல்றாருன்னு நினைச்சேன். மறுவாரம் ரெண்டு ஆளோட வந்து ஷட்டரை இறக்கி அரக்கு வச்சுட்டாரு. அதுக்கு முன்னால எங்க சோதனைக் கல்லுப் பெட்டியைத் திறந்தாரு பாருங்க! பித்தளைக் கல்லு. கை வேர்வை பட்டா எடை மாறும்னு நாங்க மான்தோல் சுத்தின இடுக்கியில எடுக்கற கல்லு. அதைக் கடலை அள்ளற மாதிரி வெறுங்கையால அள்ளினாரு. "கையை எடுய்யா!"ன்னு கத்தினேன். மார்க்கெட்டே கூடிடுச்சு. "அரசாங்க வேலையைத் தடுக்கறீங்களா?"ன்னு கேட்டாரு. எது அரசாங்க வேலை? என் கல்லைக் கெடுக்கறதா?

சரி, புதுசா ஒரு லைசன்ஸ் வாங்கிட்டுப் போறதுதானேன்னு நீங்க கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சு ஆபீஸ் கவுண்டருக்குப் போனேன். அங்க இருந்த கிளார்க் தலையே நிமிரல. "டிப்ளமா இருக்கா?"

"எதுக்கு டிப்ளமா? நான் தலை நரைக்கிற வரைக்கும் இதேதான் பண்றேன்."

"விதியை மாத்தியாச்சு. பழைய லைசன்ஸ் வச்சிருக்கறவங்களுக்குத் தேவையில்ல. புதுசா எடுக்கறவங்க படிச்சிருக்கணும்."

"என்கிட்டதான் பழைய லைசன்ஸ் இருக்கே!"

"அதுதான் முடிஞ்சுபோச்சே."

அதாவது, பழசு செத்துப்போச்சு, புதுசு எனக்குப் பொறக்காது. இந்த அரக்கை உடைக்கலைன்னா, சாகற வரைக்கும் நான் ஒரு தராசைத் தொடக்கூடாது. எனக்குக் கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்ல. வேற தொழிலும் தெரியாது. தம்பி வீட்டுலயும் அந்தக் கடையிலதான் உலை கொதிக்குது.

வக்கீலம்மாவைப் பிடிச்சேன். கோர்ட்டுக்கு எதிர்ல, ஜெராக்ஸ் கடைக்கு மேல ஒரு ரூம்ல இருந்தாங்க. என்னைவிடச் சின்னவங்க. பேசிக்கிட்டே இருப்பாங்க, பேசிக்கிட்டே ஃபைலைத் தேடுவாங்க, பேசிக்கிட்டே டீ ஆறிப்போகும். தம்பி பொண்டாட்டியும் என்கூட வந்திருந்தா. அவ அதிகம் பேசாத ஜென்மம். கல்யாணமாகி வந்ததுல இருந்து என்னை 'அண்ணி'ன்னு கூப்பிட்டுட்டு ரெண்டடி தள்ளியே நிப்பா. என் வாய்க்குப் பயம்.

நான் மொதல்ல கேட்டது ஒண்ணுதான். "என் கடையை மூடறதுக்கு எந்தச் சட்டத்துல இடம் இருக்கு? அதைக் காட்டச் சொல்லுங்க."

"ஒரு சட்டம் இல்லக்கா, அடுக்கடுக்கா இருக்கு"ன்னாங்க வக்கீலம்மா. "எல்லாத்துக்கும் மேல அரசியல் சட்டம். தொழில் பண்ற உரிமையை அது தருது. அதுக்குக் கீழ நாடாளுமன்றம் போட்ட சட்டங்க. எடையளவுக்குன்னு ஒண்ணு, கூட்டுத்தொழிலுக்குன்னு ஒண்ணு. அதுக்குக் கீழ துறை எழுதற விதிங்க. எல்லாத்துக்கும் அடியில இந்த சர்குலர். சர்குலர்ங்கறது ஒரு அதிகாரி இன்னொரு அதிகாரிக்கு எழுதற கடுதாசி. அதை வச்சு மட்டும் உங்களை மூடியிருந்தா, ஒரே நாள்ல கிழிச்சிருப்பேன்."

"கிழிங்க!"

"சர்குலரைக் கிழிச்சாலும் மேல சட்டம் நிக்குதே. அதை என்னால கிழிக்க முடியாது. ரெண்டு பேர் மட்டும் இருக்கற கூட்டுல ஒருத்தர் இறந்துட்டா கூட்டு கலைஞ்சுபோகும். வேற மாதிரி எழுதி வச்சிருந்தா அது செல்லும். நீங்க எழுதி வச்சீங்களா?"

"ஒண்ணுமே எழுதலையே."

"நீங்க எழுதலைன்னா உங்களுக்காகச் சட்டம் எழுதி வச்சிருக்கும்."

"யாரு எழுதச் சொன்னா அதை? நான் கேட்டேனா? என் தம்பி கேட்டானா?"

"யாரும் கேக்க வேண்டாம்."

பாருங்க நியாயத்தை! எங்க வீட்டு விஷயத்துல, எங்களுக்குத் தெரியாம, எங்க சார்பா ஒருத்தன் எங்கயோ உக்காந்து எழுதி வச்சிருக்கான். நல்லதா ஒண்ணு எழுதியிருக்கக் கூடாதா? ஒருத்தர் செத்தா இன்னொருத்தர் நடத்தட்டும்னு எழுதினா கை தேஞ்சா போகும்?

"பத்திரமே இல்லாதபோது நாங்க கூட்டுன்னு எப்படிச் சொல்றாங்க?"ன்னு கேட்டேன்.

"பத்திரம் தேவையில்லன்னு உச்ச நீதிமன்றம் ரொம்ப நாளைக்கு முன்னாலயே சொல்லிடுச்சு. படகு எஞ்சின் கடை வச்சிருந்த ரெண்டு சிநேகிதங்க கேஸு. எழுத்து முக்கியமில்ல, நடந்துக்கிட்ட விதம்தான் முக்கியம்னு தீர்ப்பு. கீழ இருக்கற எல்லாக் கோர்ட்டையும் அது கட்டுப்படுத்தும்."

"எவனோ ரெண்டு பேர் படகு எஞ்சினுக்குச் சண்டை போட்டதுக்கு என் கடைக்குப் பூட்டா?"

"ஆமாக்கா. அப்படித்தான் இது நடக்குது."

அப்புறம் அவங்க கேட்டாங்க, "உங்க தொழில்ல ஏதாவது வழக்கம் உண்டா? எழுதின சட்டம் மட்டும் இல்ல, தொழில் வழக்கத்தையும் கோர்ட்டு காது கொடுத்துக் கேக்கும்." நான் ஆசை ஆசையா எங்க வழக்கத்தைச் சொன்னேன். நான் பண்ணினதை அவன் சோதிப்பான், அவன் பண்ணினதை நான் சோதிப்பேன்னு. வக்கீலம்மா ஃபைல் தேடறதை நிறுத்திட்டாங்க.

"அவர் வேணாம்னு சொன்னா உங்க வேலை திரும்பி வந்துடுமா?"

"வந்துடும்."

"இதை இந்த ரூமுக்கு வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க. முதலாளி வேலையைத் திருப்பி அனுப்பற கூலியாள் உலகத்துல கிடையாது. அவர் பார்ட்னர்னு காட்ட இது ஒண்ணே போதும்."

"அவன் பார்ட்னர்தானே!"

வக்கீலம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "நான் யாரையும் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். விஷயத்தை மட்டும் சொல்றேன். லைசன்ஸ் விண்ணப்பத்துல உங்க கையெழுத்து மட்டும்தான் இருக்கு. அவர் கடையில வேலை பார்த்தவர்னா, கடை உங்களோடது. நீங்க உயிரோட இருக்கீங்க, லைசன்ஸும் உயிரோட இருக்கு. அவர் பார்ட்னர்னா அவரோடயே எல்லாம் போச்சு. முத்திரைகிட்ட நீங்க சொன்னது துக்கத்துல, கோபத்துல சொன்னதுன்னு நான் பார்த்துக்கறேன். ஆனா கோர்ட்ல ஒரு கேள்வி வரும், அவர் யாருன்னு. அதுக்குப் பதில் உங்க வீட்டுல இருந்துதான் வரணும்."

நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சேன். "என் தம்பியைக் கூலிக்காரன்னு சொல்லி அந்தக் கடையைத் திறக்கணுமா? அதுக்கு அது பூட்டியே கிடக்கட்டும்."

"நான் சொல்றேன்"னு ஒரு குரல். தம்பி பொண்டாட்டி. மடியில பையை வச்சுக்கிட்டு, என்னைப் பார்க்காம, மேஜையைப் பார்த்துச் சொன்னா. "நான் கூண்டுல ஏறிச் சொல்றேன். அவர் வேலைக்கு இருந்தவர்னு."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"பூட்டியே கிடந்தா நாளைக்கு என் பிள்ளைங்க என்ன பண்ணும் அண்ணி?"

வக்கீலம்மா மெதுவா, "அவங்க சொன்னா எடுபடும்க்கா"ன்னாங்க. "புருஷன் பார்ட்னர்னு சொன்னா அவங்களுக்குப் பங்கு உண்டு. வேலையாள்னு சொன்னா அந்தப் பங்கு போயிடும். தனக்கு நஷ்டமானதை ஒருத்தர் சொன்னா கோர்ட்டு நம்பும்."

அப்போதான் எனக்கு உறைச்சுது. இவ பாதிக் கடையைத் தூக்கிக் கொடுக்கறா, கடை திறந்தாப் போதும்னு. நான் வாயை மூடிக்கிட்டேன். "கோர்ட்ல நீங்க வாயே திறக்கக்கூடாது. உங்களை நான் கூண்டுல ஏத்தப் போறதே இல்ல"ன்னு வக்கீலம்மா சத்தியம் வாங்காத குறை. சரின்னேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு சரின்னேன்.

கோர்ட்டு நாள் வந்துச்சு. வராண்டாவுல நிக்க இடமில்ல. டவாலி எங்க கேஸைக் கூப்பிட்டதும், தராசு ரிப்பேர்காரி நியாயம் கேட்டு வந்திருக்கான்னு பக்கத்துல நின்ன ரெண்டு வக்கீலுங்களுக்கு ஒரே சிரிப்பு. ஏதோ உலகத்துலயே அவனுங்கதான் மொதல்ல கண்டுபிடிச்ச ஜோக்கு மாதிரி. அங்க வாசல்ல ஒரு சிலை கையில தராசோட நிக்குது. ஒரு தட்டு இறங்கியே கிடக்குது. என் கடைக்கு வந்திருந்தா அது வாசலைத் தாண்டியிருக்காதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. வக்கீலம்மா கையைக் கிள்ளினாங்க.

நீதிபதி ஒரு நடுவயசுக்காரம்மா. தலைக்கு மேல ஃபேன் கடகடன்னு ஆடுது, அவங்க அதை முறைச்சுப் பார்த்துட்டு எழுதறாங்க. தம்பி பொண்டாட்டி கூண்டுல ஏறினா. வக்கீலம்மா கேட்டதுக்கெல்லாம் நாங்க பேசி வச்ச மாதிரியே பதில் சொன்னா. அவர் கடையில வேலை பார்த்தாரு. அண்ணிதான் முதலாளி. அண்ணி கொடுக்கறதை வாங்கிட்டு வருவாரு. குரல் நடுங்கல.

அப்புறம் அரசு வக்கீல் எந்திரிச்சாரு. ஒல்லியா, கண்ணாடி போட்டவரு, சக்கரைப் பாகு மாதிரிப் பேச்சு. அவருக்குப் பின்னால முத்திரை உக்காந்திருந்தாரு. ரெண்டு பேரும் காதுல என்னவோ குசுகுசுன்னு பேசினாங்க, பேசிட்டு என் பக்கம் பார்த்தாங்க. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

"உங்க புருஷன் லீவு வேணும்னா யார்கிட்ட கேப்பாரும்மா?"

"அண்ணிகிட்ட."

"கடையில அவருக்குன்னு சொந்தமா ஒரு முடிவும் கிடையாது?"

"கிடையாது."

"பாவம். முதலாளியம்மா பெரிய திறமைசாலின்னு மார்க்கெட்ல சொல்றாங்க. இவர் சும்மா கைக்கு ஒத்தாசை. எடு, வை, துடை. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"ஒரு ஸ்க்ரூவைத் திருகறதா இருந்தாக்கூட அக்கா முகத்தைப் பார்ப்பாரோ?"

"பார்ப்பாரு."

"தொழில் தெரியாதவரு."

"அவ்வளவாத் தெரியாது."

"சொன்னதைச் செஞ்சுட்டுப் போறவரு. அவ்வளவுதான்?"

"அவ்வளவுதான்."

அவர் அவளைப் பார்த்துக் கேக்கவே இல்ல. என்னைப் பார்த்துதான் கேட்டாரு. கண்ணாடிக்குள்ள இருந்து என்னையேதான் பார்த்தாரு. எனக்கு அது தெரிஞ்சுது. தெரிஞ்சு என்ன புண்ணியம்?

"யாருடா சொன்னதைச் செஞ்சவன்?"

கோர்ட்டே திரும்புச்சு. வக்கீலம்மா என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தாங்க. நான் உதறிட்டேன்.

"என் தம்பியா சொன்னதைச் செஞ்சவன்? நகைக்கடைத் தராசு ஒண்ணை நான் கண்ணு வீங்க உக்காந்து சரி பண்ணி வச்சா, கல்லை வச்சு எடுத்துப் பார்த்துட்டு, முள்ளு திரும்பலைன்னு என் மேஜையிலயே தள்ளிவிட்டவன்யா அவன்! துணியை எடுத்து அவன் மூஞ்சியில எறிஞ்சேன். அப்பவும், 'எறி, எறிஞ்சுட்டு மறுபடி பிரி'ன்னான். அவன் தலையாட்டாம என் கையால பண்ணின ஒரு தராசு அந்த வாசலைத் தாண்டினது இல்ல. தொழில் தெரியாதாமே! எனக்கே தொழிலைத் திருப்பிச் சொன்னவன் அவன். வாய் இருக்குன்னு எதை வேணாலும் பேசுவீங்களா?"

அரசு வக்கீல் உக்காந்துட்டாரு. "இதுக்கு மேல எனக்குக் கேள்வி இல்ல"ன்னாரு. முத்திரை தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அந்த மனுஷனுக்குக்கூட வெக்கமா இருந்திருக்கும்போல.

நீதிபதி பேனாவைக் கீழ வச்சாங்க. என்னை வெளிய அனுப்புவாங்கன்னு நினைச்சேன். கூண்டுல ஏறச் சொன்னாங்க. உறுதிமொழி எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன்.

"ஒரே கேள்வி. உங்க தம்பி வேணாம்னு சொன்ன ஒரு வேலையை, எப்பவாவது, அவரை மீறி நீங்க வெளிய அனுப்பினது உண்டா?"

வக்கீலம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலயே கெஞ்சினாங்க. உண்டுன்னு ஒரு வார்த்தை. கடை முதலாளி நான்தானே, இஷ்டத்துக்கு அனுப்புவேன்னு ஒரு வார்த்தை. பக்கத்துல இறங்கி நின்ன தம்பி பொண்டாட்டி மட்டும் என்னைப் பார்க்கல. சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னா.

"இல்லம்மா"ன்னேன். "ஒரு தடவைகூட இல்ல."

சாயங்காலமே உத்தரவு வந்துடுச்சு. நீதிபதி வாசிச்சாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர் வேலையை ஒருத்தர் மறுக்கற அதிகாரத்தோட தொழில் நடத்தியிருக்காங்க, அது கூட்டுத்தொழில்தான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு, அதை மீற இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்ல. ஒருத்தர் இறந்த அன்னைக்கே கூட்டு முடிஞ்சுது, லைசன்ஸும் முடிஞ்சுது. வாசிச்சு முடிச்சுட்டு, தலையை நிமிர்த்தி, "உங்க மேல எனக்கு மரியாதை இருக்கும்மா. ஆனா நான் உக்காந்திருக்கற நாற்காலிக்கு மேல நாற்காலிங்க இருக்கு"ன்னாங்க. மரியாதையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஷட்டர்ல ஒட்டி வைக்கவா?

வெளிய வந்து படிக்கட்டுப் பக்கம் நின்னோம். வக்கீலம்மா உத்தரவு நகல் வாங்க உள்ள போயிருந்தாங்க. தம்பி பொண்டாட்டி ரெண்டடி தள்ளி நிக்கல. நேரா என் முன்னால வந்து நின்னா.

"திருப்தியா அண்ணி?"

நான் முந்தானையை இழுத்துச் சொருகினேன்.

"தொழில் தெரியாதவருன்னு என் வாயால சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு தெரியுமா உங்களுக்கு? வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு சொல்லிச் சொல்லிப் பழகினேன். பிள்ளைங்க காதுல விழக்கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டுட்டுப் பழகினேன். எல்லாத்தையும் ஒரே கத்துல கொட்டிக் கவுத்துட்டீங்க."

"அவன் கூலிக்காரன் இல்ல."

"அது எனக்குத் தெரியாதா? உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மார்க்கெட்டுக்கே தெரியும். அந்தக் கண்ணாடிக்காரனுக்கும் தெரியும், அதனாலதான் கேட்டான். யாருக்குத் தெரியணும்னு கத்தினீங்க?"

இத்தனை வருஷத்துல அவ என்கிட்ட இவ்வளவு பேசினது கிடையாது. அவ சொன்னது அத்தனையும் நிஜம். பிள்ளைங்களோட சோத்தை நான்தான் தட்டிவிட்டேன். ஆனா அந்தக் கேள்வியை மறுபடியும் என் முன்னால கேட்டா மறுபடியும் கத்துவேன். இதை அவகிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?

வக்கீலம்மா நகலோட வந்தாங்க. என்மேல கோபம் இருந்திருக்கும், காட்டிக்கல. தம்பி பொண்டாட்டி கையை நீட்டினா. கொடுத்தாங்க. அவ படிக்கட்டுலயே உக்காந்து, விரலை வச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியாப் படிச்சா. ஒரு இடத்துல விரல் நின்னுடுச்சு. நான் எட்டிப் பார்த்தேன். 'கடையின் சம பங்குதாரர்'னு போட்டு அவன் பேரு இருந்துச்சு. அவன் உயிரோட இருந்தப்போ எந்தக் காகிதமும் அவனை அப்படிச் சொன்னதில்ல. கடையை மூடின காகிதம்தான் சொல்லுது. தூ, என்ன சட்டமோ!

"மேல போகலாம்"னாங்க வக்கீலம்மா, அவளைப் பார்த்து. "உயர் நீதிமன்றத்துல அப்பீல் பண்ணலாம். அக்கா உணர்ச்சிவசப்பட்டு மிகைப்படுத்திச் சொல்லிட்டாங்கன்னு நான் வாதாடறேன். ஜெயிக்க வாய்ப்பு இருக்கு. ஆனா அதுக்கு அவர் வேலையாள்னு மறுபடியும் நிக்கணும். நீங்க ஒரு பிரமாணப் பத்திரம் தரணும்மா. இன்னைக்குச் சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

நான் வாயைத் திறக்கல. இந்தத் தடவை நிஜமாவே திறக்கல. இவ எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டா, பேனாவை எடுத்து நானே கொடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

அவ விரலை அந்த வரியில இருந்து எடுக்காமயே சொன்னா.

"வேணாங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. பிள்ளைங்க இருக்காங்க."

"யோசிச்சாச்சு. ஒரு தடவை சொல்லிட்டேன். அதுக்கு மேல என்னால முடியாது."